யோசப் பிராங்க்

யோசப் பிராங்க் (ஜூலை 15, 1885 – ஜனவரி 8, 1967) ஆஸ்திரியாவில் பிறந்து, பின்னர் சுவீடன் நாட்டுக் குடிமகனான ஒரு கட்டிடக் கலைஞரும், அறைகலன், அச்சுத்துணி ஆகியவற்றின் வடிவமைப்பாளரும் ஆவார். ஐரோப்பாவில் நவீன கட்டிடக்கலை உருவான காலத்தில் அதன் முன்னணியில் இருந்த இவர், அவ்வியக்கம் எல்லா வீடுகளுக்கும் ஒரே தோற்றத்தை விதிக்கத் தொடங்கியபோது அதனை எதிர்த்தவருமாவார். ஒரே அறையில் பல நாடுகளையும் பல காலங்களையும் சேர்ந்த நாற்காலிகளையும் அலமாரிகளையும் கலந்து வைப்பது, வெள்ளைச் சுவர்களின் முன் அடர்ந்த வண்ணங்கள் கொண்ட பூத்துணிகளைத் தாராளமாகப் பயன்படுத்துவது ஆகியவை இவருடைய உள்ளக வடிவமைப்பின் அடையாளங்கள். ஸ்டாக்ஹோமில் உள்ள சுவென்ஸ்க்ட் டென் நிறுவனத்துக்காக இவர் வரைந்த துணிக்கோலங்கள் இவர் இறந்து பல பத்தாண்டுகள் கடந்த பின்னரும் அச்சிடப்பட்டு விற்பனையாகி வருகின்றன.

பிறப்பும் கல்வியும்

வியன்னாவுக்குத் தெற்கேயுள்ள பாடன் என்னும் சிறுநகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிராங்க் பிறந்தார். தந்தை துணி வணிகர். இவருக்கு ஓராண்டு மூத்தவரான பிலிப் பிராங்க் புகழ்பெற்ற இயற்பியலாளரும் அறிவியல் மெய்யியலாளரும் ஆவார். பிராகா நகரின் செருமன் பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் வகித்த பேராசிரியர் பதவிக்கு 1912 ஆம் ஆண்டில் அவருக்குப் பின் வந்தவர் இந்தப் பிலிப் பிராங்க்கே. அண்ணன் வழியாக, வியன்னா வட்டம் எனப்பட்ட மெய்யியலாளர் குழுவினருடன் யோசப் பிராங்குக்கும் பழக்கம் ஏற்பட்டது. அவர்களுள் ஒருவரான ஓட்டோ நியூராத் பின்னாளில் இவருடைய நெருங்கிய கூட்டாளியானார். நிறுவப்படாத எந்தக் கோட்பாட்டையும் ஐயத்துடன் அணுகும் பழக்கம் இவருடைய எழுத்தில் காணப்படுவதற்கு இந்தச் சூழலும் ஒரு காரணம் எனலாம்.

வியன்னா தொழில்நுட்ப உயர்கல்விக் கூடத்தில் கட்டிடக்கலை பயின்ற பிராங்க், 1910 ஆம் ஆண்டில் முனைவர் பட்டம் பெற்றார். பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலியக் கட்டிடக் கலைஞர் லியோன் பத்திஸ்தா ஆல்பர்ட்டி கட்டிய தேவாலயங்களே இவரது ஆய்வுப் பொருளாக இருந்தன. பழமையை முற்றாகத் துறப்பதே புதுமை என்று கருதிய தலைமுறையில், பழங்கலையை முறையாகக் கற்றவராக இவர் வெளிவந்தார். பிற்கால வாழ்வைப் புரிந்துகொள்ள இது உதவும். 1912 ஆம் ஆண்டில் இவர் சுவீடனைச் சேர்ந்த அன்னா செபேனியசை மணந்தார். இத்திருமணம் இருபது ஆண்டுகளுக்குப் பின்னர் இவருக்கு ஒரு புகலிடத்தைத் தேடித் தரவிருந்தது.

வியன்னாச் சூழலும் தொடக்கப் பணிகளும்

பிராங்க் தொழிலுக்கு வந்த காலத்தில் வியன்னாவில் யோசப் ஹாப்மனும் அவரது வியன்னாப் பட்டறையும் செல்வாக்குடன் விளங்கினர். வீட்டின் சுவர் முதல் கதவுக் கைப்பிடி, விளக்கு, உண்கரண்டி வரை அனைத்தையும் ஒரே கலைஞர் ஒரே பாணியில் வடிவமைக்க வேண்டும், வீடு முழுவதுமே ஒரு கலைப்படைப்பாக இருக்க வேண்டும் என்பது இவர்களுடைய கொள்கை. பிரசல்சில் 1905க்கும் 1911க்கும் இடையில் ஹாப்மன் கட்டிய ஸ்டொக்லே மாளிகை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இதற்கு எதிர்நிலையில் நின்றவர் அடால்ப் லூஸ். கட்டிடக் கலைஞர் அனைத்தையும் முடித்துக் கொடுத்துவிட்ட வீட்டில், பிறந்தநாளுக்கு வந்த அன்பளிப்பைக்கூட வைக்க இடமின்றித் தவிக்கும் ஒரு செல்வந்தரைப் பற்றி 1900 ஆம் ஆண்டிலேயே லூஸ் ஒரு நையாண்டிக் கதை எழுதியிருந்தார்.

பிராங்க் லூசின் பக்கம் சாய்ந்தவர். ஆயினும் லூசைப் போல அலங்காரத்தைப் பகைத்தவர் அல்லர். அலங்காரம் இருக்கலாம், ஆனால் அது ஒரே கையிலிருந்து வரவேண்டியதில்லை என்பதே இவருடைய நிலை. ஓஸ்கார் ஸ்ட்ரனாட், ஓஸ்கார் விலாக் ஆகிய இருவருடன் சேர்ந்து இவர் செய்த தொடக்க காலப் பணிகளில் இதைக் காணலாம். செருமனியின் கோல்ன் நகரில் இருந்த கிழக்காசியக் கலை அருங்காட்சியகத்தின் உள்ளக அமைப்பு இவரது முதல் பெரிய பணிகளுள் ஒன்று. சீன, சப்பானியக் கலைப்பொருட்களுடன் நெருங்கிப் பழகிய அந்த அனுபவம், மெல்லிய கால்களின் மேல் நிற்கும் சீனப் பாணிப் பேழைகளாகப் பின்னர் இவரது அறைகலன்களில் வெளிப்பட்டது.

தொழிலாளர் குடியிருப்புகள்

முதலாம் உலகப் போருக்குப் பின் வியன்னாவில் கடும் வீட்டுப் பஞ்சம் நிலவியது. நகராட்சியைக் கைப்பற்றிய சமூக சனநாயகக் கட்சியினர் தொழிலாளர்களுக்காகப் பெரும் எண்ணிக்கையில் வீடுகளைக் கட்டத் தொடங்கினர். பிராங்க் இப்பணியில் ஆர்வத்துடன் ஈடுபட்டார். எரிக் பாபருடன் இணைந்து 1920களின் முற்பகுதியில் இவர் அமைத்த ஹொப்பிங்கர்காசே குடியிருப்பில் ஒவ்வொரு சிறிய வீட்டுக்கும் பின்புறம் நீண்ட காய்கறித் தோட்டம் இருந்தது. 1919 முதல் 1925 வரை வியன்னாக் கைவினைக்கலைப் பள்ளியில் ஆசிரியராகவும் பணியாற்றினார். நியூராத் 1925 ஆம் ஆண்டில் தொடங்கிய சமூக, பொருளாதார அருங்காட்சியகத்தின் காட்சியமைப்பையும் இவரே வடிவமைத்துக் கொடுத்தார்.

நகராட்சி விரும்பியதோ தோட்ட வீடுகளை விட, நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வாழும் பெரிய அடுக்குமாடிக் கட்டிடங்களையே. அரண்மனை போன்ற முகப்புகளுடன் அவை எழுந்தன. மக்களுக்குத் தேவை அரண்மனையல்ல, வசதியான வீடு என்று 1926 ஆம் ஆண்டில் பிராங்க் வெளிப்படையாக எழுதினார். எனினும் இவரும் அத்தகைய கட்டிடங்கள் சிலவற்றைக் கட்டினார். ஹெர்னால்ஸ் பகுதியில் 1924–25 காலத்தில் கட்டப்பட்ட வீடன்ஹோபர் ஹோப் அவற்றுள் ஒன்று. முகப்பில் சிற்பமோ தூணோ வைக்காமல், சுவர் முழுவதற்கும் செம்மிளகாய் நிறம் பூசி, சன்னல் சட்டங்களை வெள்ளையாக விட்டார் பிராங்க். சுற்றுப்புற மக்கள் அதற்கு மிளகாய்ப் பெட்டி என்ற பொருள்படும் பட்டப்பெயரைச் சூட்டினர். செலவில்லாத ஒரே அலங்காரம் வண்ணமே என்பதை இக்கட்டிடம் காட்டுவதாகக் கொள்ளலாம்.

ஹவுஸ் உண்ட் கார்ட்டன்

1925 ஆம் ஆண்டில் பிராங்கும் விலாக்கும் சேர்ந்து ஹவுஸ் உண்ட் கார்ட்டன் என்னும் உள்ளக அலங்கார நிறுவனத்தைத் தொடங்கினர். வீடும் தோட்டமும் என்பது இப்பெயரின் பொருள். அக்காலத்தில் அறைகலன்கள் தொகுதியாகவே விற்கப்பட்டன. உணவறை என்றால் ஒரே மரத்தில், ஒரே வேலைப்பாட்டில், மேசையும் ஆறு நாற்காலிகளும் பாத்திர அலமாரியும் சேர்ந்தே வரும். ஹவுஸ் உண்ட் கார்ட்டன் இவ்வாறு தொகுதியாக விற்கவில்லை. ஒவ்வொரு பொருளும் தனித்து நிற்கத்தக்கதாக, வீட்டில் ஏற்கனவே உள்ள எந்தப் பொருளுடனும் சேரத்தக்கதாக வடிவமைக்கப்பட்டது.

இவர்களுடைய நாற்காலிகளில் ஆங்கிலேய நாட்டுப்புற விண்ட்சர் நாற்காலியின் சாயலும், பண்டைய எகிப்திய இருக்கைகளின் சாயலும், பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில அறைகலன்களின் சாயலும் உண்டு. ஆனால் எதுவும் நேரடி நகல் அன்று. பழைய வடிவத்தின் பயன்பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, எடையைக் குறைத்து, கால்களை மெலிதாக்கிப் புதிய பொருளாக்குவது பிராங்கின் வழக்கம். அலமாரிகள் தரையில் பெட்டி போல அமராமல் உயர்ந்த கால்களின் மேல் நின்றன. இதற்கு அவர் ஒரு காரணம் கூறினார். தரையும் சுவரும் சேரும் கோட்டைக் கண் தடையின்றித் தொடர முடிந்தால்தான் அறை தன் முழு அளவில் தெரியும். பெரிய அலமாரி அக்கோட்டை மறைத்தால் அறை சுருங்கிவிடும். சிறிய அறைகளில் வாழ்வோர் எளிதில் சோதித்துப் பார்க்கக்கூடிய கருத்து இது.

ஸ்டுட்கார்ட் கண்காட்சி

செருமன் கலைத்தொழில் கழகம் 1927 ஆம் ஆண்டில் ஸ்டுட்கார்ட் நகரின் வைசன்ஹோப் குன்றில் ஒரு மாதிரிக் குடியிருப்பை அமைத்தது. மீஸ் வான் டெர் ரோ தலைமையில் லெ கொபூசியே, வால்ட்டர் குரோப்பியஸ் முதலியோர் அங்கு வீடுகளைக் கட்டினர். ஆஸ்திரியாவிலிருந்து பிராங்க் அழைக்கப்பட்டார். அவர் கட்டிய இரட்டை வீடு வெளிப்பார்வைக்கு ஏனையவற்றைப் போலவே வெள்ளைச் சுவர், தட்டையான கூரை, அகன்ற சன்னல்கள் கொண்டது. உள்ளே சென்றவர்கள்தான் திகைத்தனர். பிற வீடுகளில் உருக்குக் குழாய் நாற்காலிகளும் வெறுமையான தளங்களும் இருக்க, இங்கே மெத்தைகளும், பூத்துணித் திரைச்சீலைகளும், கம்பளங்களும், பலவகை மர நாற்காலிகளும் நிறைந்திருந்தன.

எதிர்ப்பு கடுமையாக இருந்தது. நெதர்லாந்தைச் சேர்ந்த தேயோ வான் டூஸ்பர்க் இவ்வீட்டின் உள்ளகம் பெண்தன்மை வாய்ந்தது என்று குறை கூறினார். வேறு சிலர் அதனை விலைமகளிர் இல்லத்துடன் ஒப்பிட்டு இழிவுபடுத்தினர். பிராங்க் பின்வாங்கவில்லை. நாள் முழுவதும் தொழிற்சாலையில் இயந்திரங்களுடன் உழைத்துவிட்டு வருபவனுக்கு வீடும் இயந்திரமாகவே இருக்க வேண்டியதில்லை என்றும், ஓய்வுக்காக உள்ள இடத்தில் மனம் விரும்பும் தேவையற்ற பொருட்களுக்கும் இடமுண்டு என்றும் அவர் வாதிட்டார். அடுத்த ஆண்டில் சுவிட்சர்லாந்தின் லா சராசில் நவீனக் கட்டிடக்கலைஞர்களின் பன்னாட்டுப் பேராயம் தொடங்கப்பட்டபோது இவரும் நிறுவன உறுப்பினர்களுள் ஒருவராக இருந்தார். ஆயினும் விரைவிலேயே அதிலிருந்து விலகினார். 1931 ஆம் ஆண்டில் வெளிவந்த இவரது குறியீடாகக் கட்டிடக்கலை என்னும் நூல், உருக்குக் குழாய் நாற்காலியை ஒரு பயன்பொருளாகப் பார்க்காமல் ஓர் உலகநோக்கின் சின்னமாக வழிபடும் போக்கைச் சாடியது.

வில்லா பேர்

வியன்னாவின் ஹீட்சிங் பகுதியில் 1929க்கும் 1931க்கும் இடையில் கட்டப்பட்ட வில்லா பேர், பிராங்கின் கட்டிடங்களுள் தலையாயது. விலாக்குடன் சேர்ந்து இதை அவர் வடிவமைத்தார். காலணிகளுக்கான இறப்பர் அடிகளைத் தயாரித்த யூலியஸ் பேர் என்பவரின் குடும்பத்துக்காக இது கட்டப்பட்டது.

இவ்வீட்டை விளக்கும் வகையில், வீட்டைப் பாதையாகவும் சதுக்கமாகவும் காணும் கட்டுரையொன்றை 1931 ஆம் ஆண்டில் பிராங்க் எழுதினார். நல்ல வீடு ஒரு பழைய நகரத்தைப் போன்றது என்பது அதன் மையக்கருத்து. நகரத்தில் தெருக்கள் வளைந்து செல்லும், எதிர்பாராத இடத்தில் ஒரு சதுக்கம் விரியும், வருபவர் வழிகாட்டிப் பலகை இல்லாமலே போகவேண்டிய இடத்தை அடைவார். வில்லா பேரில் படிக்கட்டு இத்தெருவின் பணியைச் செய்கிறது. நுழைவாயிலிலிருந்து இரண்டு தள உயரமுள்ள கூடத்துக்கு வருபவர், அங்கிருந்து திரும்பித் திரும்பி மேலேறும் படிகளில் இடைத்தளத்தையும் அதற்கு மேலுள்ள அறைகளையும் ஒவ்வொன்றாகச் சந்திக்கிறார். இசை விரும்பிகளான அக்குடும்பத்தினரின் பியானோ, கூடம் முழுவதும் ஒலி பரவும் வகையில் உயர்ந்த தளத்தில் வைக்கப்பட்டது. வட்டச் சன்னல், நீள்சதுரச் சன்னல், வெவ்வேறு கூரை உயரங்கள் என எதுவும் ஒன்றுபோல இல்லை. அறைகளை ஹவுஸ் உண்ட் கார்ட்டன் அறைகலன்களும் துணிகளும் நிறைத்தன. பொருளாதார நெருக்கடியால் பேர் குடும்பத்தினரால் அங்கு நெடுங்காலம் வாழ இயலவில்லை.

வியன்னாவை விட்டு வெளியேறல்

1932 ஆம் ஆண்டின் கோடைகாலத்தில் வியன்னாவில் நடைபெற்ற கலைத்தொழில் கழகக் குடியிருப்புக் கண்காட்சிக்குப் பிராங்க் தலைமை தாங்கினார். ஸ்டுட்கார்ட்டுக்கு அவர் அளித்த மறுமொழி இது எனலாம். அடால்ப் லூஸ், யோசப் ஹாப்மன், நெதர்லாந்தின் கெரித் ரீட்வெல்ட், அமெரிக்காவில் வாழ்ந்த ரிச்சர்ட் நியூட்ரா, மார்கரெட்டே ஷூட்டே-லிகோட்ஸ்கி உள்ளிட்ட கலைஞர்கள் சேர்ந்து 70 சிறு வீடுகளைக் கட்டினர். ஒன்றுக்கொன்று கருத்து மாறுபட்டவர்களைத் தேடி அழைத்ததில் பிராங்கின் உள்நோக்கம் புலப்படுகிறது. வெளிச்சுவர்களை வெள்ளையாக விடாமல், ஓவியர் லாஸ்லோ காபோர் வகுத்த திட்டப்படி பல மென்னிறங்கள் பூசப்பட்டன. இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து பார்த்தனர். எனினும் பொருளாதார மந்தத்தால் விற்பனைக்கு இருந்த வீடுகளில் பெரும்பாலானவை விலைபோகவில்லை.

அதற்குள் அரசியல் சூழல் மாறியிருந்தது. 1933 ஆம் ஆண்டில் செருமனியில் நாட்சிகள் ஆட்சிக்கு வந்தனர். ஆஸ்திரியாவிலும் சனநாயகம் முடக்கப்பட்டது. கலைத்தொழில் கழகத்துக்குள் யூதர்களும் இடதுசாரிகளும் ஆதிக்கம் செலுத்துவதாகக் குற்றச்சாட்டு எழுந்து, கழகம் இரண்டாகப் பிளந்தது. ஹாப்மன் முதலியோர் 1934 ஆம் ஆண்டில் புதிய கழகத்தைத் தொடங்கினர். பிராங்க் தம் மனைவியுடன் ஏறத்தாழ அதே காலத்தில் சுவீடனுக்குக் குடிபெயர்ந்தார். தெற்குச் சுவீடனின் பால்ஸ்டெர்போ என்னும் கடற்கரை ஊரில் மனைவி வழி அறிமுகங்களுக்கு 1920களிலேயே அவர் கோடைகால இல்லங்களைக் கட்டத் தொடங்கியிருந்தார். 1938 ஆம் ஆண்டில் ஆஸ்திரியா நாட்சி செருமனியுடன் இணைக்கப்பட்டபின் ஹவுஸ் உண்ட் கார்ட்டன் அதன் யூத உரிமையாளரான விலாக்கிடமிருந்து பறிபோனது. விலாக் அமெரிக்காவுக்குத் தப்பிச் சென்றார். 1939 ஆம் ஆண்டில் பிராங்க் சுவீடன் குடியுரிமை பெற்றார்.

சுவென்ஸ்க்ட் டென்

எஸ்ட்ரிட் எரிக்சன் (1894–1981) என்னும் ஓவிய ஆசிரியை 1924 ஆம் ஆண்டில் தொடங்கிய நிறுவனம் சுவென்ஸ்க்ட் டென். பெயருக்கேற்ப, வெள்ளீயக் கலவையாலான பாத்திரங்களையே அது முதலில் விற்றது. 1927 ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோமின் ஸ்ட்ரண்ட்வேகன் கடற்கரைச் சாலைக்கு இடம் மாறியது. பிராங்கின் படைப்புகளை அறிந்திருந்த எரிக்சன் 1932 ஆம் ஆண்டிலேயே அவரிடம் அறைகலன் வரைபடங்களைக் கேட்டுப் பெற்றார். 1934 முதல் பிராங்க் அங்கேயே பணியில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 48. அடுத்த முப்பது ஆண்டுகளில் இந்நிறுவனத்துக்காக அவர் வரைந்த அறைகலன் வரைபடங்கள் ஏறத்தாழ 2,000. துணிக்கோலங்கள் ஏறத்தாழ 160.

சுவீடனில் அப்போது பயன்பாட்டியம் கோலோச்சியது. 1930 ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் கண்காட்சிக்குப் பின் எளிமையும் வெளிர்நிறமும் நற்சுவையின் அளவுகோல்களாகியிருந்தன. 1934 ஆம் ஆண்டில் லில்யவால்க்ஸ் கலைக்கூடத்தில் சுவென்ஸ்க்ட் டென் காட்சிக்கு வைத்த அறைகளில், பெரிய பூக்கள் அச்சிட்ட துணி போர்த்திய மிக அகன்ற சோபா ஒன்று இடம்பெற்றிருந்தது. பயன்பாட்டியத்தின் பார்வையில் அது ஒரு வரம்புமீறல். பார்வையாளர்களோ அதை விரும்பினர். அந்தச் சோபா லில்யவால்க்ஸ் என்ற பெயரிலேயே பின்னர் அறியப்பட்டது. 1937 ஆம் ஆண்டின் பாரிசு உலகக் கண்காட்சியிலும் 1939 ஆம் ஆண்டின் நியூயார்க் உலகக் கண்காட்சியிலும் சுவீடனின் சார்பில் வைக்கப்பட்ட அறைகள் பன்னாட்டுக் கவனத்தைப் பெற்றன. சுவீடிய நவீனம் என்று அமெரிக்க இதழ்கள் புகழ்ந்த பாணியின் உருவாக்கத்தில் பெரும்பங்கு வியன்னாவிலிருந்து வந்த ஓர் யூத ஏதிலியுடையது என்பது குறிப்பிடத்தக்கது.

எரிக்சனின் பங்கையும் இங்கே கூறவேண்டும். பிராங்க் வரைந்தார், எந்தப் பொருளை எதன் அருகில் வைப்பது, எந்தத் துணியை எந்த மேசையுடன் சேர்ப்பது என்பதைக் கடையிலும் கண்காட்சிகளிலும் முடிவுசெய்தவர் பெரும்பாலும் எரிக்சனே. எனினும் இவர்களுடைய பொருட்கள் விலை மிகுந்தவை. தொழிலாளர் குடியிருப்புகளுக்காக வாதாடிய பிராங்கின் கைவேலை வசதி படைத்தோரின் வீடுகளையே சென்றடைந்தது என்பது அவரது வாழ்வின் தீராத முரண்பாடு.

வண்ணமும் கலவையும் பற்றிய கருத்துகள்

பிராங்க் வடிவமைத்த அறைகள் முதற்பார்வைக்குக் கட்டுப்பாடற்றவை போலத் தோன்றினாலும் சில தெளிவான விதிகளைக் கொண்டவை. முதலாவது, சுவர் வெள்ளையாக இருத்தல். நிறம் பூசிய சுவர் தனக்குப் பொருந்தும் பொருட்களை மட்டுமே ஏற்கும். வெள்ளைச் சுவரோ எதையும் ஏற்கும். பொருட்களை மாற்றும்போது சுவரை மாற்ற வேண்டியதில்லை. ஆகவே அறையின் வண்ணம் முழுவதும் துணி, கம்பளம், நூல்கள், பூக்கள், படங்கள் ஆகியவற்றிலிருந்தே வரவேண்டும். இதனால் சிவப்பு, கரும்பச்சை, மஞ்சள், நீலம் ஆகியவை அருகருகே வந்தாலும் அறை மூச்சு முட்டுவதில்லை.

இரண்டாவது, ஒற்றை நிறப் பரப்பை விடக் கோலமிட்ட பரப்பே மனத்துக்கு அமைதி தருவது என்னும் கருத்து. பொதுவாக நம்பப்படுவதற்கு இது நேர்மாறானது. ஒரே நிறமான பரப்பைக் கண் ஒரு நொடியில் பார்த்து முடித்துவிட்டு வேறிடம் தேடும்; கோலமிட்ட பரப்பில் கண் ஒரு கிளையிலிருந்து மற்றொரு கிளைக்கு மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும் என்று அவர் விளக்கினார். தம் துணிகளில் ஒரே உருவம் திரும்ப வரும் இடத்தை எளிதில் கண்டுபிடிக்க இயலாதவாறு கொடிகளைப் பின்னி மறைத்ததும் இதற்காகவே.

மூன்றாவது, பாணி ஒற்றுமை தேவையில்லை என்பது. பழையதையும் புதியதையும், வெவ்வேறு பாணிகளையும் நிறங்களையும் கலப்பதில் தவறில்லை என்றும், ஒருவர் உண்மையிலேயே விரும்பிச் சேர்த்த பொருட்கள் தாமாகவே இணங்கிவிடும் என்றும் பிராங்க் கருதினார். அவற்றை இணைப்பது கடைக்காரரின் திட்டமன்று, அவற்றைத் தேர்ந்தவரின் வாழ்க்கை. பாட்டி விட்டுச்சென்ற நாற்காலியும் பயணத்தில் வாங்கிய கம்பளமும் புதிய விளக்கும் ஒரே அறையில் இருப்பதே இயல்பு. எல்லாம் ஒன்றாக வாங்கப்பட்ட அறை, தங்குவிடுதி அறையைப் போல யாருடையதாகவும் இராது.

இக்கருத்துகளைப் பொருட்களிலும் காணலாம். 1930களின் பிற்பகுதியில் வடிவமைத்த புளோரா பேழையின் வெளிப்புறம் முழுவதும் ஒரு தாவரவியல் நூலின் வண்ணப்படத் தாள்கள் ஒட்டப்பட்டுள்ளன. உயர்ந்த கால்களின் மேல் நிற்கும் இழுப்பறைப் பேழை ஒன்றில் இழுப்பறைகள் வெவ்வேறு அளவில் அமைந்து, முகப்பே ஒரு கோலம் போலத் தோன்றுகிறது.

நியூயார்க் ஆண்டுகள்

இரண்டாம் உலகப் போரின்போது நாட்சிப் படைகள் டென்மார்க்கையும் நோர்வேயையும் கைப்பற்றியதால் சுவீடனிலும் பாதுகாப்பின்மை நிலவியது. 1941 ஆம் ஆண்டின் இறுதியில் பிராங்கும் மனைவியும் அமெரிக்காவுக்குச் சென்றனர். ஐரோப்பிய ஏதிலி அறிஞர்கள் பலருக்கு இடமளித்த சமூக ஆய்வுக்கான புதிய பள்ளியில் அவர் விரிவுரைகள் ஆற்றினார். கட்டிடப் பணி எதுவும் கிடைக்கவில்லை. ஐம்பதுகளின் பிற்பகுதி வயதில், மூன்றாம் முறையாக வேறொரு நாட்டில் தொடங்க வேண்டிய நிலை.

அவரது மிகச்சிறந்த துணிக்கோலங்களுள் பல இந்த ஆண்டுகளில் பிறந்தவையே. அருங்காட்சியகங்களில் பழந்துணிகளைப் பார்த்தும், அமெரிக்க மரங்கள், பறவைகள் பற்றிய கையேடுகளைப் புரட்டியும் அவர் வரைந்தார். 1944 ஆம் ஆண்டில் எரிக்சனின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு ஐம்பது புதிய துணிக்கோலங்களை நியூயார்க்கிலிருந்து அனுப்பி வைத்தார். மன்ஹாட்டன் என்னும் கோலம் அந்நகரத் தெருக்களின் வரைபடத்தையே துணியாக்கியது. வெஜிட்டபிள் டிரீ என்னும் கோலத்தில் ஒரே மரத்தில் பலவகைக் காய்களும் பழங்களும் பூக்களும் தொங்குகின்றன. தாவரவியலின்படி ஒருபோதும் சேராதவை அங்கே ஒரே கொம்பில் காய்க்கின்றன. அறையில் அறைகலன்களுக்கு அவர் அளித்த உரிமை துணியில் செடிகளுக்கும் கிடைத்தது போலும்.

இத்தகைய உயிர்மர உருவம் கீழை நாட்டுத் துணிகளிலும் கம்பளங்களிலும் நீண்ட வரலாறு உடையது. சோழமண்டலக் கடற்கரையில் கையால் எழுதிச் சாயமேற்றி, 17, 18 ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியான பருத்தி விரிப்புகளில் இம்மரம் புகழ்பெற்றிருந்தது. ஐரோப்பியப் பூத்துணி மரபு அவற்றிலிருந்து நிறையப் பெற்றது. அம்மரபையும், ஆங்கிலக் கலைஞர் வில்லியம் மோரிசின் வடிவங்களையும் பிராங்க் நன்கு கற்றிருந்தார்.

பிற்காலம்

1946 ஆம் ஆண்டில் பிராங்க் ஸ்டாக்ஹோமுக்குத் திரும்பினார். 1952 ஆம் ஆண்டில் சுவீடனின் தேசிய அருங்காட்சியகம் அவரது படைப்புகளைக் கண்காட்சியாக வைத்தது. ஆயினும் கட்டிடக் கலைஞராக அவருக்குப் பணி தர எவரும் முன்வரவில்லை. கட்டாத வீடுகளைத் தாளில் கட்டத் தொடங்கினார். 1947 ஆம் ஆண்டில் தம் மனைவியின் உறவினரான டாக்மர் கிரில்லுக்கு எழுதிய கடிதங்களில் 13 வீடுகளை வரைந்து அனுப்பினார். ஒழுங்கற்று வளையும் சுவர்களும், வெவ்வேறு வடிவச் சன்னல்களும், சில வீடுகளில் பல நிறக் கற்களும் கொண்ட இவ்வீடுகளில் செங்கோணம் அரிதாகவே காணப்படும். இவற்றுள் எதுவும் அவர் வாழ்நாளில் கட்டப்படவில்லை.

1958 ஆம் ஆண்டில் சுவீடன் இதழான போர்மில் வெளியான தற்செயலியம் என்னும் கட்டுரையில் தம் வாழ்நாள் சிந்தனையை அவர் எழுதினார். மனிதருக்கு இதமளிக்கும் இடங்கள் யாவும், அதாவது பழைய தெருக்களும் பல தலைமுறைகள் வாழ்ந்த வீடுகளும், தற்செயலாக உருவானவை. எனவே நாம் திட்டமிட்டுக் கட்டும் இடங்களும் தற்செயலாக அமைந்தவை போலத் தோன்ற வேண்டும் என்று அதில் வாதிட்டார். திட்டமிட்டுத் தற்செயலை உருவாக்க முடியுமா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. பிராங்க் அதற்கு முழுமையான விடை தரவில்லை.

மனைவி அன்னா 1957 ஆம் ஆண்டில் காலமானார். அதன் பின்னர் டாக்மர் கிரில்லுடன் வாழ்ந்த பிராங்க், முதுமையில் நீர்வண்ண ஓவியங்களில் ஈடுபட்டார். 1965 ஆம் ஆண்டில் ஆஸ்திரியா தன் பெரும் அரசு விருதை அவருக்கு வழங்கியது. ஆனால் அவர் மீண்டும் வியன்னாவில் குடியேறவில்லை. 1967 ஆம் ஆண்டு ஜனவரி 8 அன்று ஸ்டாக்ஹோமில் தமது 81 ஆம் வயதில் காலமானார்.

மறைவுக்குப் பின்

எரிக்சன் 1975 ஆம் ஆண்டில் சுவென்ஸ்க்ட் டென்னை பெயர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார். பிராங்கின் வரைபடங்கள் அந்நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன. அவர் வாழ்நாளில் அச்சேறாத கோலங்கள் சில பின்னர் முதன்முறையாகத் துணியாக வெளிவந்தன. 2010 ஆம் ஆண்டில் அவரது 125 ஆவது பிறந்தநாளன்று கூகிள் தேடுபொறி தன் முகப்புச் சின்னத்தை அவர் துணிகளின் பாணியில் வடிவமைத்திருந்தது. 2015–16 இல் வியன்னாவின் பயன்கலை அருங்காட்சியகமும், 2017 இல் இலண்டனின் ஆடை மற்றும் துணி அருங்காட்சியகமும் அவரைப் பற்றிப் பெரிய கண்காட்சிகளை நடத்தின.

வியன்னாக் குடியிருப்பின் 70 வீடுகளுள் ஆறு, போரில் அழிந்தன. எஞ்சியவை 2011 முதல் படிப்படியாகப் புதுப்பிக்கப்பட்டன. வில்லா பேர் 1987 ஆம் ஆண்டில் பாதுகாக்கப்பட்ட கட்டிடமாக அறிவிக்கப்பட்டது. நெடுங்காலம் வெறுமையாகக் கிடந்த அவ்வீடு 2021 ஆம் ஆண்டில் விலைக்கு வாங்கப்பட்டு, பொதுமக்கள் சென்று பார்க்கும் வகையில் சீரமைக்கும் பணி தொடங்கப்பட்டது.